ஆள் நடக்காத ரோடு

ஜனவரி 9, வியாழன்

டயர் கடைக்காரர் இந்த வருடமும் டைரி கொடுத்தனுப்பியிருக்கிறார். ஐந்து மாதமாக நம் வண்டிக்கு ஒரு டியூப்கூட அவரிடம் வாங்கவில்லை. இருந்தாலும் பழக்கத்தை விடவில்லை. எங்கள் வீட்டுக்காரர் இருந்த காலத்திலிருந்து, லாரி எந்தத் தேதி சங்ககிரியை விட்டது, எந்த ஊரில் லோடு இறக்கியது என்று எழுதிவைப்பது என் வேலை. இப்போது வண்டி வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நிற்கிறது. தினமும் நிற்கிறது என்று எழுத டைரி வேண்டியதில்லை.

இன்று எழுத விஷயம் இருக்கிறது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது என் பேரன் பூபதி, வெளிநாட்டுக்கு லாரி ஓட்டப் போவதாகச் சொன்னான். சேலத்தில் ஒரு ஏஜென்ட் அனுப்பிவைக்கிறாராம். நாட்டின் பெயர் லிதுவேனியா. இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டேன். அவன் அம்மா மேகலைக்குச் சந்தோஷம். மோர் ஊற்றிக்கொண்டே, எப்போது கிளம்ப வேண்டும் என்றுதான் கேட்டாள். எதற்கு என்று கேட்கவில்லை. நான் கேட்டேன். இங்கிருந்து கல்கத்தா வரைக்கும் ரோடு கிடக்கிறதே, அது போதாதா என்று.

"எடம் மாறுனாத் தேவலைன்னு தோணுது அப்பத்தா" என்றான். எழுந்து கைகழுவப் போய்விட்டான். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

இருபத்தொன்பது வயது. பத்துச் சக்கர வண்டியைத் தொப்பூர் இறக்கத்தில் பூ மாதிரி இறக்குகிற கை. எந்த நாட்டுக்காரன் பார்த்தாலும் எடுத்துக்கொள்வான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஜனவரி 13, திங்கள், போகி

வீடு ஒழித்தோம். வண்டியைக் கழுவவும் ஆள் வரச் சொன்னேன். நிற்கிற வண்டிதான் என்றாலும் தூசியோடு விட்டுவிட்டுப் பொங்கல் வைக்க மனசு வரவில்லை. கழுவுகிறவன் முன்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே, பம்பர் புதுசுங்களா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

பூபதி அந்த நேரம் கடைக்குப் போய்விட்டான். ஆடி மாதத்திலிருந்து அவன் வேப்பமரத்துப் பக்கம் போவதில்லை. கேட்டால் வெயில் என்பான்.

ஜனவரி 20, திங்கள்

சேலம் போய் ஏஜென்ட் ஆபீஸை நேரில் பார்த்துவிட்டு வந்தேன். பூபதி, நீ எதற்கு அப்பத்தா என்றான். என் பேரனை வாங்கிக்கொண்டு போகிறவன் முகத்தை நான் பார்க்க வேண்டாமா?

கழுத்தில் டை கட்டிய சின்னப் பையன்தான் ஏஜென்ட். மரியாதையாக நாற்காலி போட்டான். கம்ப்யூட்டரில் அந்த ஊர் ரோட்டைக் காட்டினான். நேர்கோடு மாதிரி ரோடு, இரண்டு பக்கமும் கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் பனி. மனுசர் ஒருவர் இல்லை, ஆடு மாடு இல்லை, ஒரு சைக்கிள்கூட இல்லை. இங்கே ஆட்கள் எதில்தான் நடப்பார்கள் என்று கேட்டேன்.

"அந்த ரோட்டுல யாரும் நடக்கவே கூடாதுங்க பாட்டி. மொபெட்டு, சைக்கிளு எதுவும் ஏற முடியாது. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுனாலும் ஓரத்துல ஒரு ஆளப் பாக்க மாட்டீங்க."

நான் பூபதி முகத்தைப் பார்த்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அந்த முகம் கொஞ்சம் இளகியது. அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டச் சொல்லிக் கேட்டான்.

ஏஜென்ட் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்விகள் கேட்டான். எத்தனை வருட அனுபவம், கண் பரிசோதனை எப்போது செய்தது, இதெல்லாம். கடைசியில், விபத்துக் கேஸ் ஏதாவது உண்டா என்றான். பூபதி பேனாவைத் திருகிக்கொண்டிருந்தான். நான் சொன்னேன், என் பேரன் பேரில் ஒரு சின்னக் கேஸ்கூடக் கிடையாது என்று. அது சத்தியம். அவன் பேரில் கிடையாது.

பஸ்ஸில் வரும்போது, அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும், வண்டி வலது ஓரமாகப் போகும் என்றான். எல்லாமே மாறி இருக்கும் என்று அவனுக்கு ஒரு ஆறுதல்.

ஜனவரி 24, வெள்ளி

நான்கு நாளாகத் தூக்கமில்லை. கொசு.

பிப்ரவரி 3, திங்கள்

வெளிநாட்டு வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் வேண்டுமாம். விசாரிக்க ஏட்டு வந்தார். நல்ல மனுசர்தான், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். காப்பி கொடுத்தேன். பெயர், வயது எல்லாம் எழுதிக்கொண்டவர், ஆறின காப்பியைக் குடித்துவிட்டு, "உங்க வண்டி தர்மபுரிப் பக்கம் ஒரு கேஸ்ல இருக்குதுங்களே" என்றார்.

பூபதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். ஓட்டியது எங்கள் டிரைவர் செங்கோடன், அவனே ஸ்டேஷனில் போய் நின்றுவிட்டான், கேஸ் அவன் பேரில் நடக்கிறது. ஏட்டு தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

அவர் போன பிறகு பூபதி கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தான். காலையில் தின்ற பழைய பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை.

நடந்ததை ஒரு தடவை எழுதிவைத்துவிடுகிறேன். போன ஆடியில் ஒருநாள் விடிந்து ஆறு மணிக்கு, தர்மபுரி தாண்டி ஒரு வளைவில், மொபெட்டில் பால் கேன் கொண்டுபோனவர்மேல் நம் வண்டி இடித்துவிட்டது. அவர் இறந்துபோனார். செங்கோடன் மத்தியானம் வண்டியோடு ஸ்டேஷனில் சரணடைந்தான். அவனாகவேதான் போனான். இவ்வளவுதான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நேற்று எழுதியதை இன்று படித்துப் பார்த்தேன். இடித்த இடத்திலேயே ஏன் நிறுத்தவில்லை என்று விவரம் தெரியாதவர்கள் கேட்பார்கள். அவர்களுக்காக இதையும் எழுதுகிறேன்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் என் மகன் நாச்சிமுத்து, பூபதியின் அப்பன், வடக்கே ஒரு ஊரில் ஒருவரை இடித்துவிட்டான். அடிபட்டவரைத் தூக்க இறங்கினான். தூக்கி மடியில் வைத்திருந்தபோது கூட்டம் வந்துவிட்டது. அடித்தவர்கள் யாரென்று இன்றைக்கும் தெரியாது. அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் மகனை அதே வண்டியில் தார்ப்பாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். கூடப் போயிருந்த செங்கோடன் உயிரோடு வந்தான்.

அன்றிலிருந்து நம் வண்டிச் சாவியைக் கையில் வாங்குகிற எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். எது நடந்தாலும் இறங்காதே. நேராக அடுத்த ஸ்டேஷனுக்கு விடு. லாரிக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தப்பு என்று சொல்கிறவர்கள் அந்தத் தார்ப்பாயைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

சான்றிதழ் வந்துவிட்டது. பூபதி பேரில் எதுவும் இல்லை என்று போட்டிருக்கிறது. போன வாரம் ஏஜென்ட் வைத்த டிரைவிங் சோதனையிலும் தேறிவிட்டான். மேகலை பாயசம் வைத்தாள். பனிக்குப் போட்டுக்கொள்ள ஒரு தடித்த கோட்டு வாங்கி வந்திருக்கிறான். போட்டுக் காட்டச் சொன்னேன். யாரோ ஊரான் மாதிரி இருந்தான்.

அங்கே மாதக்கணக்கில் வண்டிக்குள்ளேயே சமைத்து, வண்டிக்குள்ளேயே படுக்க வேண்டுமாம். உடம்புக்கு ஏதாவது வந்தால், வழியில் ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குப் போன் செய்வான்? இங்கே என்றால் எனக்குச் செய்வான். அன்றைக்கும் எனக்குத்தான் செய்தான்.

போன் சரியாகக் கேட்கவில்லை. இரைச்சலாக இருந்தது.

பிப்ரவரி 19, புதன்

செங்கோடன் வந்தான். பூபதியும் மேகலையும் பாங்குக்குப் போயிருந்த நேரம். லைசென்ஸை முடக்கிவிட்டதால் இப்போது எடை மேடையில் காவலுக்கு இருக்கிறான். ஒரு சுற்று இளைத்துவிட்டான். சோறு போட்டேன். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். அவன் கேட்க வந்தது எதுவாக இருந்தாலும் கொடுத்தனுப்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவன் கேட்டது என்னிடம் கொடுக்கிற மாதிரி இல்லை.

"மூணு வாய்தாவுக்குப் போயிட்டு வந்துட்டேனுங்க பெரியம்மா. அந்தப் பால்காரரு சம்சாரமும் தவறாம வருது. மொத ரெண்டு தடவ என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. இந்த வாட்டி கிட்ட வந்துச்சு. திட்டப்போவுதுன்னு தலையக் குனிஞ்சுட்டேன்."

"திட்டுனாளா?"

"இல்லீங்க. 'அவரக் கடைசியாப் பாத்தது நீங்கதான, எதாச்சும் சொன்னாரா'ன்னு கேட்டுச்சு. நான் என்னத்தச் சொல்லட்டும்? நான் அங்க இருந்தாத்தான?"

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்றேன்.

"சொல்லலாமுங்க. நெசமாலுமே எதாச்சும் சொல்லியிருந்தாருன்னா?" என்றான். "பூபதியக் கேட்டுச் சொல்லுங்க. அடுத்த வாய்தா மார்ச்சு அஞ்சு. நான் வேற எதுவும் கேக்கல."

பூபதியிடம் இதைக் கொண்டுபோகாதே, அவன் புறப்படுகிற நேரம், நானே பக்குவமாகக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

விசா வந்தது. மார்ச் 21 வெள்ளிக்கிழமை சென்னையில் விமானம். இன்னும் இருபத்து நான்கு நாள்.

பூபதியை நான் கேட்கவில்லை. அவனைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

மார்ச் 3, திங்கள்

செங்கோடன் போன் செய்தான். சொல்லிவிட்டேன். "முருகான்னு ஒரு தடவ சொன்னாரு, அதோட சரி" என்று அந்தம்மாவிடம் சொல்லச் சொன்னேன். சாகிறவர் வாயில் சாமி பேர் வந்தது என்றால் எந்தப் பெண்ணுக்கும் கொஞ்சம் மனசு ஆறும். கெடுதல் ஒன்றும் இல்லை.

பூபதி சொன்னானா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

மார்ச் 5, புதன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் நாலு மணிக்குச் செங்கோடன் கோர்ட்டிலிருந்து நேராக இங்கே வந்தான். பஸ் தூசியைக்கூடத் தட்டவில்லை. நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, காய்ந்த வடகத்தைத் துணியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கேயே நின்று பேசினான்.

"நல்லா மாட்டிவுட்டீங்க பெரியம்மா."

என்ன ஆயிற்று என்றேன்.

"நீங்க சொன்னபடியே சொன்னேன். முருகான்னு சொன்னாருங்கன்னேன். அந்தம்மா என் மொகத்தையே பாத்துச்சு. 'எங்கூட்டுக்காரரு கருப்புச் சட்டைக்காரருங்க. பெத்த தாயி சாவுக்கே சாமி பேரச் சொல்லாத மனுசன். நீங்க அங்க இல்லவே இல்ல. யாரு இருந்தாங்களோ அவங்கள வரச் சொல்லுங்க'ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு."

வடகத் துணியின் ஒரு மூலையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரிடமாவது சொல்லிவிட்டாளா, வக்கீல் பக்கத்தில் இருந்தாரா என்று கேட்டேன். இல்லையாம். அவள் தனியாகத்தான் வந்திருந்தாளாம்.

அப்போது லாரியின் இடது பக்கக் கதவு திறந்தது. பூபதி உள்ளே இருந்திருக்கிறான். அந்த ஊர் வண்டியில் ஸ்டீயரிங் இடது பக்கம் என்பதால், கிளீனர் சீட்டில் உட்கார்ந்து பழகிப் பார்த்திருக்கிறான். இன்றைக்குத்தானா இவனுக்கு வேப்பமரத்துப் பக்கம் வரத் தோன்ற வேண்டும்?

இறங்கி வந்தான். என்னைப் பார்க்கவில்லை. செங்கோடனைப் பார்த்து, "அவரு எதாச்சும் சொன்னாரான்னு அந்தம்மா எப்பண்ணா கேட்டுச்சு?" என்றான்.

"போன மாசமே சாமி" என்றான் செங்கோடன்.

மார்ச் 6, வியாழன்

பூபதி காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. அவன் சொன்ன ஒரே வார்த்தை: "உனக்குக் கேட்டுது அப்பத்தா. எனக்கு எவ்வளவு கேட்டுதோ அவ்வளவு உனக்கும் கேட்டுது."

ஆமாம். கேட்டது.

ஆடியில் அன்றைக்குக் காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குப் போன் வந்தது. வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். ஒருவரை இடித்துவிட்டேன் அப்பத்தா என்றான். இறங்கிவிட்டாயா என்றேன். கதவைத் திறந்து படியில் ஒரு கால் வைத்திருக்கிறேன் என்றான். ஆள் இருக்கிறாரா என்றேன். இருக்கிறார், கையை அசைக்கிறார் என்றான். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. கத்தவில்லை, அழவில்லை. வழியில் போகிறவருக்கு யாரோ விவரம் சொல்கிற மாதிரி இருந்தது.

"தம்பி, வண்டிய ஓரமாப் போட்டுரு. பின்னால டவுன் பஸ் வரும்."

சரிங்க என்று பூபதி அவருக்குச் சொன்னதும் கேட்டது. வண்டியைக் கிளப்பினான். ஓரமாக நிறுத்தத்தான் கிளப்பினான். நிறுத்தாதே என்று சொன்னது நான். அப்படியே விடு, இறங்கினால் உன் அப்பனுக்கு நடந்ததுதான் உனக்கும் என்றேன். "உசுரு இருக்குது அப்பத்தா" என்று ஒரு தடவை சொன்னான். நான் போனை வைக்கவில்லை. அடுத்த ஊர் தாண்டும்வரை பேசிக்கொண்டே இருந்தேன். நடுவில் விட்டால் திரும்பிப் போய்விடுவான் என்று எனக்குத் தெரியும். அவனுடைய அப்பன் அப்படிப்பட்டவன்.

செங்கோடன் தானாகப் போகவில்லை. நான்தான் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவனுக்கு அறுபது வயது, ரோடு முடிகிற காலம். பையனுக்கு இன்னும் முழுசாகக் கிடக்கிறது. லைசென்ஸ் போனால் அவன் என்ன செய்வான்? முதலாளிகள் ஆள் மாற்றிக் கொடுப்பது இந்தத் தொழிலில் புதிதா? அவன் தயங்கினான். அப்போது சொன்னேன், "அன்னிக்கு என் மவன உட்டுட்டுக் கரும்புக்காட்டுல போயி ஒளிஞ்சவந்தான நீ. இன்னிக்கு என் பேரனுக்காச்சும் நில்லு" என்று.

பூபதி வண்டியோடு காத்திருந்த இடத்துக்கு அவன் பஸ் ஏறினான்.

மார்ச் 8, சனி

பூபதியிடம் சொல்லிப் பார்த்தேன். இன்னும் பதின்மூன்று நாள். விமானம் ஏறிவிட்டால் யாரும் எதுவும் கேட்க முடியாது. நீ போன பிறகு நானே அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"நீ சொல்ல மாட்ட அப்பத்தா" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அந்த ரோட்டுல ஓரத்துல ஆளே இருக்க மாட்டாங்கன்னுதான் போலாம்னு பாத்தேன். இவரு அங்கயும் கெடப்பாரு. அவரு சொன்ன பேச்சு அவங்களுக்குச் சேர வேண்டியது. எங்கிட்டக் கெடக்குது."

வக்கீலிடம் செங்கோடன் சாடையாகக் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். உண்மை வெளியே வந்தால் பூபதிமேலும் கேஸ், பொய் சொன்னதற்குச் செங்கோடன்மேலும் கேஸ். இதைச் சொல்லிவிட்டுச் செங்கோடன் சிரிக்கிறான். "எனக்கென்னுங்க பெரியம்மா, ஏறுன கோர்ட்டுப் படிதான். கேஸுக்குப் பேருதான் மாறும்."

மேகலையை விட்டுச் சொல்லச் சொல்லலாம் என்று அடுப்படிக்குப் போனேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து, மெல்ல ஆரம்பித்தேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"தூக்கத்துல தெனம் சொல்றானுங்க அத்தை. ஓரமாப் போடறேனுங்க, ஓரமாப் போடறேனுங்கன்னு. ஆடியில இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவன் வெளிநாடு போறது எனக்கு ஏன் சந்தோஷம்னு நெனச்சீங்க?"

ஒரே வீட்டில் மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் அதையே வைத்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறோம்.

மார்ச் 12, புதன்

மயக்கமாக வந்தது. டாக்டர் பிரஷர் அதிகம் என்றார். வெயில் ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 17, திங்கள்

இன்று பால்காரர் ஊருக்குப் போனோம். பூபதி, செங்கோடன், நான். நீ வேண்டாம் என்றார்கள். கூட்டம் சேர்ந்தால் ஒரு கிழவி குறுக்கே விழுந்தால்தான் கை தயங்கும் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் இடுப்பில் செருகியிருந்த வக்கீல் நம்பரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

சின்ன ஊர். பஸ் நிறுத்தத்தில் நாலைந்து ஆண்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். தலைநிமிர்ந்து பார்த்தார்கள். பால்காரர் வீடு எது என்று பூபதி அவர்களிடமே போய்க் கேட்டான். ஒருவர் எழுந்து கூடவே வந்து காட்டினார். கூட வந்தவர் போய்விட்டாரா என்று நான் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன்.

அந்தப் பெண்ணின் பெயர் தேன்மொழி. ஐம்பது வயது இருக்கலாம். சுவரில் சாமி படம் ஒன்று இல்லை. அவர் படம் மட்டும் இருந்தது, மாலை இல்லாமல். முகத்தை அப்போதுதான் நான் முதல்முதலாகப் பார்த்தேன். குரல் மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

செங்கோடனைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. பூபதியைப் பார்த்து, உட்காருங்க என்றாள். அவன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாம் சொன்னான். வளைவு, மொபெட், தான் பிரேக் போட்டது, படியில் கால் வைத்தது. பிறகு அந்த வார்த்தைகளை ஒன்றுகூட மாற்றாமல் சொன்னான். தம்பி, வண்டிய ஓரமாப் போட்டுரு, பின்னால டவுன் பஸ் வரும்.

அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அழவில்லை.

"அந்த பஸ்ஸுல நான் இருந்தேன்" என்றாள். "தெனம் அதுலதான் மில்லுக்குப் போவேன். ஆறேகாலுக்கு அங்க வந்தோம். மொபெட்டப் பாத்துட்டுத்தான் பஸ்ஸ நிறுத்தச் சொன்னேன். அப்ப உசுரு இல்ல."

பத்து நிமிடம். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவளும் போட்டிருக்க வேண்டும். பூபதி முகத்தைப் பார்த்துக் கேட்டாள், "ஓரமாப் போடுன்னு சொன்னாரு. சரின்னு சொன்னீங்க. அப்பறம் ஏந் தம்பி நிக்கல?"

நான் அவனுக்கு இரண்டு அடி பின்னால் நின்றிருந்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

"பயமா இருந்துதுங்க. நானாத்தான் போயிட்டேன்."

யாரும் ஒன்றும் சொல்லலையா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். சொல்லியிருக்க மாட்டேன்.

ஸ்டேஷனில் வந்து இதைச் சொல்வீர்களா என்று மட்டும் கேட்டாள். நாளைக்கே சொல்கிறேன் என்றான். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பூபதியும் செங்கோடனும் குடித்தார்கள். நான் டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன். பாட்டி யாருங்க என்று செங்கோடனிடம் கேட்டாள். பையனோட அப்பத்தா என்றான். துணைக்கு வந்தீங்களா, பத்திரமாப் போங்க என்று என் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டாள்.

மார்ச் 18, செவ்வாய்

காலை ஏழு மணிக்குப் பூபதியும் செங்கோடனும் கிளம்பினார்கள். மேகலையும் கூடவே போனாள். என்னைக் கூப்பிட்டார்கள். முட்டி வலி என்றேன்.

பதினொரு மணி வரை எந்தத் தகவலும் இல்லை. அந்தக் கோட்டு கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏஜென்ட் இரண்டு தடவை போன் செய்தான், எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை விமானத்தில் பூபதி இருக்க மாட்டான் என்று அவனுக்கு யார் சொல்வது?

பதினொன்றரைக்கு ஸ்டேஷனிலிருந்து ரைட்டர் பேசினார். பூபதி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டானாம். ஒரே ஒரு இடத்தில் நிற்கிறதாம்.

"இடிச்ச ஒடனே வீட்டுக்குத்தான் போன் பண்ணேன்னு சொல்றாரும்மா. நாங்களும் பாத்துட்டோம், ஒம்பது நிமிசம் பேசியிருக்காரு. யாருகிட்டன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கறாரு. இது உங்க நம்பருதான? அன்னிக்கு யாரு பேசுனது?"

அடுப்படியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மேகலை பேசினாள் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதையும் எழுதிவைக்கிறேன். பெற்றவள்தானே, மன்னித்துவிடுவார்கள் என்று தோன்றியது.

"நாந்தானுங்க" என்றேன்.

ஒன்பது நிமிடம் என்ன பேசினீர்கள் என்றார். நேரில் வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

சேலை மாற்றிவிட்டேன். பன்னிரண்டே முக்காலுக்குத் தர்மபுரி பஸ். கதவுச் சாவியை எதிர் வீட்டில் கொடுக்க வேண்டும். செங்கோடனைக் கூப்பிட்டு நான் சொன்ன பேச்சையும் அங்கே சொல்ல வேண்டியிருக்கும். தேன்மொழியும் வந்திருப்பாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆடியிலிருந்தே பயமாகத்தான் இருக்கிறது.